மூடுபனிக்குள் ஒரு கதவு: பழைய திகில் கதையை அசையும் டிஜிட்டல் காமிக்ஸாக்க ஒரு முழு வழிகாட்டி

கோத்தகிரியில் ஐப்பசி பிறந்துவிட்டால் சாயங்காலம் நான்கு மணிக்கே விளக்குப் போட வேண்டும். பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்து முதலில் தேயிலைச் சரிவை விழுங்கும், அப்புறம் சாலையை, கடைசியாக வாசல் கேட்டை. அப்படி ஒரு மாதத்தில்தான் ஆங்கில எழுத்தாளர் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் எழுதிய ‘குரங்குக் கை’ கதையை அசையும் காமிக்ஸாகச் செய்ய உட்கார்ந்தேன். எட்டு நிமிடப் படம், சுமார் 80 கட்டங்கள், மாலை நேரங்களில் மட்டும் வேலை. முடிக்க நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதத்தில் கற்றதை, அடுத்து செய்யப்போகிறவருக்கு உதவும் வரிசையில் எழுதுகிறேன்.

அசையும் காமிக்ஸ் என்றால் என்ன என்பதில் தெளிவாக இருந்துவிடுங்கள். வரைந்த கட்டங்கள் இருக்கும், பலூனில் வசனம் இருக்கும், பார்ப்பவர் அதை வாசிப்பார். கூடவே கொஞ்சம் அசைவும் ஒலியும். இது முழு அனிமேஷன் கிடையாது. எட்டு நிமிட அனிமேஷனுக்கு நொடிக்கு 24 பிரேம் (நிலைப்படம்) வீதம் 11,520 பிரேம் வேண்டும். ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினாலும் 5,760 ஓவியம். வீட்டில் உட்கார்ந்து தனியாக வரைகிறவரால் அது நடக்காது, நடக்க வேண்டியதும் இல்லை. திகிலுக்கு அசைவு குறைவாக இருப்பதே நல்லது. என் முதல் வரைவில் தலைமுடி, திரைச்சீலை, தீ, பனி என்று எல்லாவற்றையும் அசைத்துவிட்டேன். ஓட்டிப் பார்த்தால் ஒரு இடத்திலும் நெஞ்சு திக்கென்று ஆகவில்லை. கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலைந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் எது அசையாமல் நிற்க வேண்டும் என்பதை முதலில் தீர்மானிக்கும் பழக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. கீழே வரும் எல்லாப் படிகளும் அந்த ஒரு தீர்மானத்தைச் சுற்றித்தான்.

1. கதையும் உரிமையும்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி, எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை இருக்கும். ஜேக்கப்ஸ் 1943இல் இறந்தார். 2004 முதல் அவர் கதை இங்கே பொதுச்சொத்து. கவனிக்க வேண்டிய ஒன்று: மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. யாரோ செய்த தமிழாக்கத்தை எடுத்து அதன் வரிகளைப் பலூனில் போடாதீர்கள். மூலத்தைப் படித்து, வசனத்தை நீங்களே எழுதுங்கள். அதன் அடிப்படையில் வந்த சினிமா, நாடகம் எதையும் வேலை முடியும்வரை பார்க்காமல் இருப்பது நல்லது. அவர்கள் சேர்த்த காட்சி தெரியாமல் உங்கள் கைக்குள் வந்துவிடும்.

புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யைத்தான் முதலில் யோசித்தேன். அவர் 1948இல் மறைந்தார், அதனால் அந்தக் கதையும் பொதுச்சொத்துதான். ஆனால் அதில் பயத்தின் பாதி வாசனை வழியாக வருகிறது, மீதி கதை சொல்பவனின் சந்தேகத்தில் இருக்கிறது. படத்தில் காட்டிவிட்டால் சந்தேகம் செத்துவிடும். ‘குரங்குக் கை’யில் பயம் காது வழியாக வருகிறது: கதவு தட்டும் சத்தம். படமும் ஒலியும் சேர்ந்த ஊடகத்துக்கு அதுதான் பொருத்தம். இன்னொரு வசதி, கதை சின்னது. சுமார் 4,000 சொற்கள், மூன்று பகுதி, ஒரே வீடு, ஐந்தே ஆட்கள். முதல் முயற்சிக்கு இதைவிடப் பெரிய கதையை எடுக்க வேண்டாம்.

2. கதையைப் பிரித்து எலும்பைப் பார்ப்பது

கதையை மூன்று முறை படியுங்கள். முதல் முறை சும்மா. இரண்டாவது முறை, கண்ணால் பார்க்கக்கூடியதை மட்டும் பென்சிலால் குறியுங்கள். மூன்றாவது முறை, ஆசிரியர் சொல்லாமல் விட்டதைக் குறியுங்கள். இந்த மூன்றாவது பட்டியல்தான் உங்கள் சொத்து.

கதையின் எலும்பு இது. மழை இரவில் அப்பாவும் மகனும் சதுரங்கம் ஆடுகிறார்கள். இந்தியாவில் இருந்து திரும்பிய ஒரு ராணுவக்காரர் காய்ந்துபோன குரங்குக் கை ஒன்றைக் கொண்டுவருகிறார். மூன்று பேருக்கு மூன்று மூன்று வரம் கொடுக்குமாம். அப்பா 200 பவுண்டு கேட்கிறார். மறுநாள் மகன் வேலை செய்யும் இடத்திலிருந்து ஒருவர் வருகிறார். மகன் இயந்திரத்தில் சிக்கி இறந்துவிட்டான், நிறுவனம் தரும் இழப்பீடு 200 பவுண்டு. சில நாள் கழித்து, அவன் திரும்பி வரவேண்டும் என்று கேட்கச்சொல்லி அம்மா அப்பாவைப் பிடிவாதமாக வற்புறுத்துகிறாள். நேரம் போகிறது. கதவு தட்டப்படுகிறது. அம்மா தாழ்ப்பாளை எட்ட முடியாமல் நாற்காலி போட்டுத் திறக்கிறாள். அதற்குள் அப்பா மூன்றாவது வரத்தைக் கேட்டுவிடுகிறார். கதவு திறக்கிறது, வெளியே சாலை காலி.

சொல்லாமல் விட்டவை: மகனின் உடல் எப்படி இருந்தது. கதவுக்கு வெளியே நின்றது என்ன. மூன்றாவது வரத்தில் அப்பா சொன்ன வார்த்தை என்ன. இந்த மூன்றையும் நானும் காட்டவில்லை. வரையத் தெரிந்தவர்களுக்கு இதுதான் பெரிய சோதனை. கை துறுதுறுவென்று இருக்கும், கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு உருவத்தை வரைந்து பார்க்கலாமே என்று. வரைந்தால் அந்தக் கட்டத்தோடு கதை முடிந்தது.

3. மலைக்குக் கொண்டுவருதல்

இடத்தை மாற்றும்போது பெயரை மட்டும் மாற்றினால் சட்டை மாற்றியதுபோல இருக்கும். ஒவ்வொரு பொருளும் கதையில் என்ன வேலை செய்கிறது என்று கேட்டு, அதே வேலையைச் செய்யும் உள்ளூர்ப் பொருளைத் தேட வேண்டும்.

சதுரங்கம் எதற்கு? அப்பா யோசிக்காமல் துணிந்து காய் நகர்த்துபவர் என்று காட்ட. அந்த இடத்தில் ஆடுபுலி ஆட்டம் வைத்தேன். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு, 15 ஆட்டுக்கு 15 புளியங்கொட்டை, 3 புலிக்கு 3 கல். மூன்று வரத்துக்கு மூன்று புலி பேசாமல் ஒத்துப்போனது. அந்தக் கல் மூன்றையும் கடைசிப் பகுதியில் தரையோரம் கிடக்க விட்டேன், யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

ராணுவக்காரருக்குக் குன்னூர் பக்கத்து வெலிங்டன் இருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் அங்கேதான். ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் மழைக்கோட்டோடு வாசலில் நிற்பது இங்கே அன்றாடக் காட்சி. மகனின் இயந்திரம் தேயிலை ஆலையில் கிடைத்தது. 200 பவுண்டுக்கு இருபதாயிரம் ரூபாய். கதை 1980களில் நடப்பதால் ஒரு தோட்டக் குடும்பத்துக்கு அது வீட்டுக் கடனை அடைக்கிற தொகை. குடும்பத்தை இலங்கையிலிருந்து திரும்பியவர்களாக வைத்தேன். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்த ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் நீலகிரியில்தான் வேர்விட்டார்கள். தங்கள் பெரியவர்களின் புதைகுழியைக் கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். அதனால் மகனைப் புதைத்த பிறகு அம்மா சொல்லும் ஒரு வரி தானாக வந்தது: “இவனாவது கண்ணுக்கெட்டுற தூரத்துல படுத்திருக்கான்.” மலையில் எதிர் மேட்டில் இருக்கும் கல்லறை ஜன்னலில் இருந்து தெரியும். நடந்து வந்தால்தான் தூரம். மூலக்கதையில் கல்லறை இரண்டு மைல் தள்ளி இருக்கிறது, வரம் கேட்டதற்கும் கதவு தட்டப்படுவதற்கும் நடுவில் நேரம் போவது அதனால்தான். அந்தத் தூரம் இங்கே கண்ணெதிரே விரிந்து கிடக்கிறது.

சரி, குரங்குக் கை எங்கிருந்து வருகிறது? இந்த இடத்தில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். மூலத்தில் அது இந்தியாவில் இருந்து, ஒரு பக்கீரிடமிருந்து வருகிறது. லண்டன் வாசகனுக்குத் தொலைதூரத்து மர்மம். நாம் இங்கே செய்யும்போது அந்த மர்மத்தை ஒரு பழங்குடியின் தலையில் கட்டுவது ரொம்பச் சுலபம். செய்யக் கூடாது. சூனியம் வைத்தார்கள் என்று பழி சுமத்தி, 19ஆம் நூற்றாண்டில் இந்த மலையில் குறும்பர்களைக் கொன்றிருக்கிறார்கள். அந்தப் பழியை ஒரு காமிக்ஸில் புதுப்பிக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதில் கருமந்தியை, அதாவது கருங்குரங்கை, எடுத்தேன். மருந்து என்று சொல்லி அதைப் பல காலம் வேட்டையாடினார்கள், கருங்குரங்கு லேகியம் என்ற பெயரே அதற்குச் சாட்சி. இன்று 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு. சுபேதார் அந்தக் கையை யாரோ ஒரு வேட்டைக்காரன் விட்டுப்போன மூட்டையில் எடுத்ததாகச் சொல்கிறார். சாபம் கொன்றவர்கள் பக்கம் நின்றது.

4. திரைக்கதையை எழுதுதல்

ஒரு கட்டத்துக்கு நான்கு விஷயம் எழுதுங்கள்: என்ன தெரிகிறது, என்ன அசைகிறது, என்ன கேட்கிறது, எத்தனை நொடி. என் தாளில் இருந்து ஒரு பகுதி:

கட்டம் 58. அறை. மெழுகுவத்தி அணைந்துவிட்டது. அசைவு: ஜன்னல் கண்ணாடியில் ஒரு துளி இறங்குகிறது. ஒலி: தகரத்தில் சொட்டு. 6 நொடி.
அம்மா: “ஏங்க, என்ன சத்தம் அது?”
அப்பா: “எலிதான். பேசாம படு.”

கட்டம் 59. உள்பக்கத்தில் இருந்து கதவு. அசைவு இல்லை. ஒலி இல்லை. 4 நொடி.

கட்டம் 60. அதே கதவு. அதே ஓவியம். கீழ் மூலையில் சின்ன எழுத்தில்: டொக். 5 நொடி.

கட்டம் 61. அம்மாவின் முகம், மிக அருகில். அசைவு: ஒரு முறை கண்ணிமைப்பு.
அம்மா: “எதிர் மேட்டுல இருந்து நடந்து வரணும்ல. அதான் இவ்வளவு நேரம்.”

பலூனில் பேச்சு வழக்கு இருக்கட்டும், ஆனால் எல்லா வார்த்தையையும் கொச்சையாக்காதீர்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு சொல் ஊரைக் காட்டினால் போதும். ஒரு பலூனில் பத்து, பன்னிரண்டு சொல்லுக்கு மேல் போனால் இரண்டாக உடையுங்கள். நேரம் எவ்வளவு வைப்பது? வசனத்தை மெதுவாக இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள், அந்த நேரம். வசனமே இல்லாத கட்டத்துக்கு மனதில் நான்கு எண்ணுங்கள்.

குரல் நடிப்பு வேண்டாம் என்று முடிவு செய்தேன். வாசிப்பவர் மனதில் அம்மாவுக்கு ஒரு குரல் உருவாகும், அது அவரவர் அம்மாவின் குரலாகத்தான் இருக்கும். அதைவிட நல்ல நடிகை எனக்குக் கிடைக்கமாட்டார்.

5. சிறு ஓவியப் பலகை

80 கட்டத்தையும் தீப்பெட்டி அளவில் வரையுங்கள், ஒரு கட்டத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் செலவழிக்காமல். கைப்பேசியில் படம் பிடித்து, எழுதிய நொடிக் கணக்கில் அடுக்கி ஓட்டிப் பாருங்கள். கதை பிடிபடுகிறதா என்பது இந்த அழுக்குப் பிரதியிலேயே தெரிந்துவிடும். இங்கே தள்ளிப்போட்ட பிரச்சினை பின்னால் இருபது மடங்கு வேலையாகத் திரும்பி வரும்.

ஒரே கோணத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துங்கள். மூலக்கதையில் நிறுவனத்து ஆள் மூன்று முறை கேட் வரை வந்து தயங்கித் திரும்பிப் போவார், நான்காவது முறைதான் திறப்பார். நான் ஒரே பின்னணியை நான்கு முறை வைத்தேன். தேயிலைப் பாத்தி நடுவே இறங்கும் படிக்கட்டு, கீழே தகரக் கேட். ஆள் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு படி கீழே நிற்கிறார். எதுவும் அசையவில்லை. படம் பார்த்தவர்களில் பெரும்பாலானோர் அந்த நான்காவது கட்டத்தில்தான் மூச்சைப் பிடித்தார்கள். மெழுகுவத்தியும் இப்படித்தான், ஒரே அறை, நான்கு கட்டம், ஒவ்வொன்றிலும் மெழுகுவத்தி கொஞ்சம் குட்டை.

கைப்பேசிக்கு நெட்டைச் சட்டமா, கிடைச் சட்டமா என்று இப்போதே முடிவெடுங்கள். கதவு நெட்டை வடிவம், அதனால் 1080க்கு 1920 ஆசை காட்டும். ஆனால் எதிர் மேட்டையும் வீட்டையும் ஒரே கட்டத்தில் காட்ட அகலம் வேண்டும். நான் 1920க்கு 1080 எடுத்தேன்.

6. வரைதலும் லேயரும்

மென்பொருள் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வரைய கிரீட்டா, எழுத்துக்கு இங்க்ஸ்கேப், ஒலிக்கு ஆடாசிட்டி, அடுக்கி அசைக்க பிளெண்டர் அல்லது டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. எல்லாம் காசில்லாமல் கிடைப்பவை. கையில் ஏற்கெனவே பழகிய மென்பொருள் இருந்தால் அதிலேயே செய்யுங்கள்.

இறுதி அளவைப் போல இரண்டு மடங்கில், அதாவது 3840க்கு 2160 பிக்சலில் வரையுங்கள். காமிரா உள்ளே நகரும்போது படம் உடையாது. அசையப்போகும் ஒவ்வொன்றும் தனி லேயர், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தனித் தாள்: முன்னணிச் செடி, ஆள், வீடு, நடு மரம், தூரத்து மேடு. காமிரா பக்கவாட்டில் நகரும் கட்டமாக இருந்தால் பின்னணியை இரண்டு ஓரத்திலும் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வரையுங்கள். ஆளுக்குப் பின்னால் மறைந்திருக்கும் சுவரையும் வரைந்து முடிக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் ஆள் நகரும்போது ஓட்டை தெரியும், எனக்கு இரண்டு நாள் போனது அதில்தான்.

உள்ளூர் விவரத்துக்குப் படத்தைத் தேடுவதைவிட ஆளைத் தேடுங்கள். நான் வரைந்த கொழுந்து பறிக்கும் காட்சியைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, “இது இப்ப பண்றது தம்பி, சாக்கும் கத்திரியும். அப்பல்லாம் கூடை, கையாலதான் கிள்ளுவோம்” என்றார். 1980களின் கதையில் அது பெரிய பிழை. ஆலைக்குள் வாடல் தொட்டி எங்கே, உருளை எங்கே, டிரையர் எங்கே என்று வரிசை சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். விபத்தை நான் காட்டவில்லை. வாடல் தொட்டியில் இலை அப்படியே கிடக்கிறது, யாரும் இல்லை, ஒரு செருப்பு மட்டும். அவ்வளவுதான் அந்தக் கட்டம்.

கல்லறைத் தோட்டத்தை வரைய நேரில் போனால் அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். சோலைக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது, சாலையோரத்தில் நின்று வரைந்தாலே போதுமான சோலை தெரியும்.

7. மூடுபனியை வரைவது

இதற்குத் தனிப் படி தேவை. மலைக்கதையில் பாதி நடிப்பு பனியுடையது, பெரும்பாலோர் அதைப் புகைபோல வரைந்து பக்கவாட்டில் ஓட்டிவிடுகிறார்கள்.

ஒரு வாரம் ஜன்னலில் உட்கார்ந்து பாருங்கள். பனி பள்ளத்திலிருந்து சரிவோடு ஒட்டி மேலே ஏறும். முதலில் தூரத்துப் பொருளின் கறுப்பு போகும், அப்புறம் நிறம் போகும், கடைசியில்தான் வடிவம் போகும். அதனால் தூரத்து லேயரில் சுத்தக் கறுப்பைப் பயன்படுத்தவே கூடாது. மிக அடர்ந்த நிழலைக்கூட நீலச் சாம்பலாக வையுங்கள். பக்கத்தில் இருக்கும் கேட்டும் ஆளும் மட்டும் கறுப்பை வைத்துக்கொள்ளலாம். மஞ்சள் தெருவிளக்குக்குக் கீழே பனி ஆரஞ்சாகத் தெரியும், ஒளிக்கு விளிம்பு இருக்காது.

தொழில்நுட்பமாக: இரண்டு பனி லேயர். ஒன்று ஆளுக்குப் பின்னால், இன்னொன்று முன்னால், முன்னால் இருப்பது மிக மெல்லியது. பின்னால் இருப்பது ஒரு கட்டத்தின் உயரத்தைக் கடக்க 40 நொடி எடுக்கட்டும், முன்னால் இருப்பது 25 நொடி. கண்ணுக்கு அசைவே தெரியாது, ஆனால் ஆறு நொடி கழித்துக் கேட் காணாமல் போயிருக்கும். அந்த வேகத்தைப் பிடிப்பதற்குள் பத்துப் பதினைந்து முறை மாற்றினேன். வேகம் கூடினால் மேடை நாடகப் புகை ஆகிவிடும்.

80 கட்டத்தில் பனி ஏறுவது ஏழே கட்டத்தில்தான். மற்றதில் அது அப்படியே நிற்கிறது.

8. தமிழ் எழுத்தும் பலூனும்

பல ஓவிய மென்பொருள்களில் தமிழ் எழுத்து உடையும். ஒற்றைக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும், ‘கொ’ மூன்று துண்டாகும். தட்டச்சு செய்யும் முன் மூன்று சொல்லை வைத்துச் சோதியுங்கள்: கொடைக்கானல், கோத்தகிரி, பௌர்ணமி. மூன்றும் சரியாக வந்தால் அந்த மென்பொருளை நம்பலாம். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தெற்காசிய எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்க்ஸ்கேப்பில் பொதுவாகப் பிரச்சினை இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை விட்டுவிடுங்கள், யுனிகோடில் இருந்தால்தான் பின்னால் வசனத்தைத் தேடவும் திருத்தவும் முடியும். கையெழுத்துச் சாயலுக்குக் கவிவனார், தெளிவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது மீரா இனிமை, எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன.

தமிழ்ச் சொல் நீளமானது. பலூனை முதலில் வரைந்துவிட்டு எழுத்தை உள்ளே திணித்தால் ‘வந்துகொண்டி’ என்று ஒரு வரியும் ‘ருக்கிறான்’ என்று அடுத்த வரியும் விழும். எழுத்தை முதலில் வையுங்கள், வரியைச் சொல் முடிவில் உடையுங்கள், அப்புறம் பலூனை அதைச் சுற்றி வரையுங்கள். 1920 அகலப் படத்தில் 48 பிக்சலுக்குக் குறைந்த எழுத்து கைப்பேசியில் படிக்க முடியாது.

ஒலிச்சொற்கள் நமக்குப் பெரிய செல்வம். சலசல, மளமள, தடதட என்று இரட்டைக் கிளவி ஒவ்வொன்றும் ஒரு காட்சி. 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ் காலத்திலிருந்தே நம் வாசகர்களின் கண் ஒலிச்சொல்லுக்குப் பழகியிருக்கிறது. ஆனால் ஒலி உண்மையிலேயே கேட்கும்போது அதை எழுத்திலும் பெரிதாகப் போடுவது இரட்டை வேலை. நான் வைத்த விதி: மழைக்கும் காற்றுக்கும் எழுத்து இல்லை. தட்டும் சத்தத்துக்கு மட்டும் எழுத்து உண்டு, ஏனென்றால் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். முதல் தட்டல் ‘டொக்’, வசன எழுத்தைவிடச் சின்னது. கடைசியில் ‘தட தட தட’ கட்டம் முழுக்க. அந்த வளர்ச்சிக்கு முதல் எழுத்து மிகச் சின்னதாக இருந்தே ஆக வேண்டும்.

மூன்றாவது வரத்துக்குப் பலூனே இல்லை. அப்பாவின் பின்தலை, குனிந்த தோள், கையில் அந்தக் கை. அவ்வளவுதான்.

9. அசைவு

ஒரு கட்டத்துக்கு ஒரே அசைவு. கண்ணிமைப்புக்கு மூன்று ஓவியம் போதும். மூச்சுக்குத் தோளை நான்கு நொடிச் சுற்றில் இரண்டு மூன்று பிக்சல் உயர்த்தி இறக்குங்கள். காமிரா உள்ளே நகர்வது ஆறு நொடியில் நான்கு சதவீதத்துக்கு மேல் வேண்டாம். அந்தக் கை அப்பாவின் கைக்குள் நெளியும் ஒரே இடத்தில் மட்டும் பன்னிரண்டு ஓவியம் முழுதாக வரைந்தேன். படம் முழுக்க எதுவும் அப்படி அசையாததால், அந்த ஒரு நொடி பார்ப்பவரின் உள்ளங்கையில் நடக்கும்.

கட்டம் 59இல் நான்கு நொடி எதுவும் அசையவில்லை என்று எழுதியிருந்தேன் இல்லையா? அந்தக் கட்டத்தில் பனியையும் துளியையும் நிறுத்திவிட வேண்டும். ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் கதவு கதவாகவே இருக்கும்.

10. ஒலி

இதற்கு ஒதுக்கும் நேரத்தைக் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். கைப்பேசியில் பதிவு செய்யலாம், ஆனால் 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக. மைக்குக்குப் பழைய கம்பளித் துணியைச் சுற்றினால் மலைக்காற்றின் இரைச்சல் குறையும். இரவில் தேயிலைக்குள்ளோ சாலையிலோ தனியாக நின்று பதிவு செய்யாதீர்கள். காட்டு மாடும் கரடியும் தோட்டத்துக்குள் வரும் ஊர் இது. என் இரவு ஒலிகள் எல்லாம் திண்ணையில் இருந்து எடுத்தவை.

நான் சேர்த்தவை: தகரக் கூரையில் மழை, மழை நின்ற பிறகு யூகலிப்டஸ் இலையில் இருந்து சொட்டும் நீர், ஆலைச் சங்கு, எதிர் மேட்டில் கடமான் கொடுக்கும் ஒரே ஒரு எச்சரிக்கைக் குரல். ஆலைச் சங்கு தினமும் ஒரே நேரத்தில் ஊதும், தோட்டத்தில் வாழ்கிறவர்களுக்கு அது கடிகாரம். படத்தில் அது ஒரு முறை தவறான நேரத்தில் ஊதுகிறது. எஸ்டேட் குடியிருப்பில் படத்தைப் போட்டபோது, மற்ற ஊர்க்காரர்கள் கவனிக்காமல் போன அந்தச் சங்குக்கு அங்கே எல்லாரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

அப்புறம் சீகாரப் பூங்குருவி. விடியும் முன் ஓடைப் பக்கம் அது பாடினால் பள்ளிக்கூடப் பையன் சும்மா சீட்டியடித்துக்கொண்டு நடப்பதுபோல இருக்கும். மகன் வேலை விட்டு வரும்போது சீட்டியடித்து வருவான் என்று முதல் பகுதியில் வைத்தேன். அடக்கம் முடிந்த மறுநாள் விடியலில் குருவி பாடுகிறது, படுத்திருந்த அம்மா தலையைத் தூக்குகிறாள். அவள் இரண்டாவது வரத்தைக் கேட்கச் சொல்வது அங்கிருந்து பிறக்கிறது. கடைசிக் கட்டத்திலும் அந்தக் குரலை ஒரு முறை போட்டுப் பார்த்தேன், காலிச் சாலையில் லேசாக. பார்த்தவர்கள் மகன் எங்கோ நிற்கிறான் என்று எடுத்துக்கொண்டார்கள். எடுத்துவிட்டேன். கடைசியில் தெருவிளக்கு மட்டும் மினுக்க வேண்டும்.

இசை? நான் வைக்கவில்லை. வைப்பதானால் தட்டும் சத்தத்துக்கு இருபது நொடி முன்பே நிறுத்திவிடுங்கள்.

11. சோதனைக் காட்சியும் வெளியீடும்

மூன்று பேரிடம் காட்டுங்கள்: கதை தெரிந்த ஒருவர், தெரியாத ஒருவர், காமிக்ஸே படிக்காத ஒருவர். பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பாருங்கள். எந்த நொடியில் கைப்பேசியை நகர்த்துகிறார்கள், எங்கே கண் சுருங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்டால் “நல்லாருக்கு” என்றுதான் சொல்வார்கள். ஒரு முறை ஒலி இல்லாமலும், ஒரு முறை திரை வெளிச்சத்தைக் குறைத்தும் ஓட்டுங்கள். இருட்டு அறைக் கட்டங்கள் வெயிலில் பார்க்கும் கைப்பேசியில் வெறும் கறுப்பாகத் தெரியும். என் படத்தில் பதினொரு கட்டத்தை அப்படித்தான் வெளிச்சம் கூட்டித் திரும்ப ஏற்ற வேண்டியிருந்தது.

ஏற்றுமதிக்கு நொடிக்கு 24 பிரேம், எச்.264 சுருக்க முறை, எம்.பி.4 கோப்பு. சராசரி ஒலி அளவு மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) பக்கம் இருந்தால் யூடியூப் அதை அதிகம் மாற்றாது. முதல் அட்டையிலேயே ஜேக்கப்ஸ் பெயரையும் 1902 என்ற ஆண்டையும் போடுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் அது அவர் கதை.

கடைசியாக ஒன்று: எழுத்து லேயர்களை ஓவியத்தோடு ஒட்டிவிடாமல் தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் படத்தைப் பார்த்த ஒரு படகர் வீட்டுப் பெரியவர், இதைப் படக மொழியில் போடுவீர்களா என்று கேட்டார். எழுத்து தனியாக இருந்ததால் பலூன்களை மட்டும் மாற்றினால் போதும் என்று சொல்ல முடிந்தது. வசனத்தை அவரே எழுதித் தருகிறார். ‘டொக்’குக்கு அவர்கள் என்ன சொல்வார்கள் என்பதில்தான் இரண்டு வாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.